மதியம் 2.40க்குப் பேசிய அக்கா: ஒரு மகளிர் சேவை மாநாட்டின் நிகழ்வு ஆய்வு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசுகிறவருக்குக் கூட்டம் நிற்காது என்பது மாநாடு நடத்திய எல்லோருக்கும் தெரியும். கோவையில் எங்கள் மகளிர் சேவை அமைப்பின் மாவட்ட மாநாடு நடந்தபோது நிகழ்ச்சிக் குழுப் பொறுப்பு என்னிடம் இருந்தது. காலை 10 மணியைப் புற்றுநோய் மருத்துவர் ஒருவருக்கும், 11.30ஐத் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலதிபர் ஒருவருக்கும் கொடுத்தேன். அந்தியூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த முன்னாள் ஊராட்சித் தலைவிக்கு 2.40. கூட்டம் கலையும் என்று தெரிந்தேதான் கொடுத்தேன்.

மாநாடு முடிந்து எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் எங்கள் கிளப்புகள் வேலை செய்கிற விதம் கொஞ்சம் மாறியிருக்கிறது. அந்த மாற்றம் முழுக்க 2.40 மணிப் பேச்சிலிருந்து வந்தது. அது எப்படி நடந்தது, மற்ற இரண்டு பேச்சுக்கும் என்ன ஆனது, நாங்கள் எங்கே சறுக்கினோம் என்று எழுதி வைத்தால், அடுத்து மாநாடு நடத்தப் போகிற பெண்களுக்கு உதவும். மூவருமே தங்கள் ஊரில் அறியப்பட்டவர்கள்தான். ஆனால் அவர்கள் சொன்னதில் வீட்டு விஷயங்களும் உண்டு, அதனால் பெயர் போடவில்லை.

காலை நன்றாகத்தான் தொடங்கியது. கல்லூரிப் பெண்கள் வள்ளி கும்மி ஆடினார்கள். ஒரு காலத்தில் ஆண்கள் மட்டும் ஆடியது அது. பெண்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்த கோவை மாவட்டத்துப் பத்திரப்பன் ஐயாவுக்கு 2024ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். மண்டப வராந்தாவில் படங்கள் வைத்திருந்தோம். தேக்கம்பட்டிப் பாப்பம்மாள், நூறு வயதைத் தாண்டியும் இயற்கை விவசாயம் பார்த்து 2021ல் பத்மஸ்ரீ வாங்கியவர். கோவை நானம்மாள், தொண்ணூறைத் தாண்டியும் யோகா கற்றுக்கொடுத்தவர். ராஜம்மாள் தேவதாஸ், அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியை வளர்த்தெடுத்த சத்துணவு அறிஞர். வந்தவர்கள் எல்லோரும் அந்தப் படங்களுக்கு முன் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய தங்கை, நாகம்மையையும் கண்ணம்மாளையும் நினைவுபடுத்தித் தொடங்கினார். 1921ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலுக்குத் தலைமை தாங்கியவர்கள், பெரியாரின் மனைவியும் தங்கையும். மறியலை நிறுத்துவது ஈரோட்டில் இருக்கிற இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது என்ற பொருளில் காந்தி சொன்னதாக இந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். பலமாகக் கை தட்டினோம். வீட்டை விட்டுப் படி இறங்காத பெண்களை அவர்கள் எப்படித் தெருவுக்குக் கூட்டி வந்தார்கள், முதல் நாள் யார் வீட்டுக் கதவைத் தட்டினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் அப்போது கேட்கத் தோன்றவில்லை. மதியத்துக்குப் பிறகுதான் தோன்றியது.

மருத்துவர் சொன்னது

மருத்துவரின் பேச்சில் விஷயம் நிறைய இருந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இந்தியாவில் ஆண்டுக்கு 1.2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குப் புதிதாக வருகிறது. பெரும்பாலும் ஹெச்பிவி என்ற வைரஸால் வருவது. 9 முதல் 14 வயதுக்குள் தடுப்பூசி போட்டுவிட்டால் பெருமளவு தடுத்துவிடலாம். முப்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் பரிசோதனை வேண்டும். அந்தப் பரிசோதனைக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை என்பதைத்தான் அவர் அழுத்திச் சொன்னார். நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது வினிகர் மாதிரியான ஒன்றைப் பஞ்சில் தொட்டுக் கர்ப்பப்பை வாயில் வைக்க வேண்டும். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால், கோளாறு இருக்கிற இடம் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற நர்ஸே செய்யலாம்.

இதை உலகத்துக்கே நிரூபித்துக் காட்டியது நம் பக்கத்து ஆய்வு என்று அவர் சொன்னபோது அரங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ ஃபெல்லோஷிப் மருத்துவமனையோடு சேர்ந்து திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் நடந்த ஆய்வு அது. 49,000 பெண்களுக்கு மேல் ஒரு பக்கம், பரிசோதனைத் திட்டம் இல்லாத கிராமங்கள் இன்னொரு பக்கம். ஒரே ஒரு முறை, நர்ஸுகள் செய்த இந்தப் பரிசோதனையால் புற்றுநோய் வருவது 25 சதவீதமும், அதனால் சாவது 35 சதவீதமும் குறைந்ததாக 2007ல் முடிவு வெளியானது. பழனிக்குப் பக்கத்து ஊர்தான். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மண்டபத்தில் பாதிப் பேர் குறிப்பெடுத்தார்கள். எங்கள் கிளப்புகள் பரிசோதனை முகாம் நடத்துவதும் புதிதில்லை. முந்தைய வருடமும் நடத்தினோம். பெண்கள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஒரு உறுப்பினர் மருத்துவரிடமே கேட்டார். “விழிப்புணர்வு போதவில்லை” என்று அவர் சொன்னார். எங்களுக்கும் அது சரியென்றே பட்டது.

தொழிலதிபர் மேடையில் சொல்லாதது

திருப்பூர் அம்மாவுக்கு நாங்கள் கொடுத்த தலைப்பு ‘வெற்றியின் ரகசியம்’. அவரும் தலைப்புக்கு ஏற்ற மாதிரித் தன்னம்பிக்கை, விடாமுயற்சி, குடும்பத்தின் ஆதரவு என்று அழகாகப் பேசினார். கருத்துப் படிவத்தில் அதிகம் பேர் ‘மிக அருமை’ என்று எழுதியது அவருக்குத்தான்.

சாப்பாட்டுப் பந்தியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சந்தகையும் தேங்காய்ப் பாலும் போட்டிருந்தோம். கணவர் இறந்த மூன்றாம் மாதம் கம்பெனிக்குள் நுழைந்த கதையைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். நிட்டிங், டையிங், கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங் என்று வரிசை தெரியுமே தவிர, எதில் காசு ஓடிப் போகிறது என்று தெரியாது. சாயப்பட்டறையிலிருந்து வருகிற துணியின் கனம் ஆர்டரில் சொன்னபடி இருக்கிறதா என்று யாரிடம் கேட்டாலும் “எல்லாம் சரிதானுங்கம்மா” என்பார்கள். ஒரு ராத்திரி, எல்லோரும் போன பிறகு, கட்டிங் மாஸ்டர் வைத்திருந்த வட்டக் கட்டரை எடுத்துத் துணியில் ஒரு வட்டம் வெட்டினார். அந்த வட்டத்தின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். அதை எடை போட்டு நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று வந்துவிடும். 1.8 கிராம் இருந்தால் 180 ஜிஎஸ்எம். அன்று தராசு காட்டியது 1.6. மறுநாள் காலை அந்த வட்டத்தைக் கைக்குட்டை மாதிரி மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு சாயப்பட்டறைக்குப் போனார்.

“இதை ஏங்க மேடையில சொல்லலை?” என்று கேட்டேன்.

“நீங்க வெற்றின்னு தலைப்புக் கொடுத்தீங்க. இது நான் ஏமாந்த கதைங்களே” என்றார்.

அவர் சொன்னது சரிதான். தப்பு தலைப்பு வைத்த என்னுடையது. ஜெயித்த கதையைச் சொல்லுங்கள் என்று கேட்டோம், ஜெயித்த கதையைச் சொன்னார். தெரியாத ஒன்றை எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்டிருந்தால், அந்த வட்டத் துணி மேடைக்கு வந்திருக்கும். சின்னதாகத் தொழில் நடத்துகிற நாற்பது பெண்களாவது அன்று அரங்கில் இருந்தார்கள்.

2.40 மணி

சரி, அந்த அக்காவுக்கு வருவோம். அரங்கில் பாதி நாற்காலி காலி. பின்வரிசையில் சிலர் கண் அயர்ந்திருந்தார்கள். வழக்கமான அறிமுக உரை படிக்கத் தொடங்கியதும், “அதெல்லாம் வேண்டாங்க அம்மிணி, நேரமாகுது” என்று அவரே மைக்கை வாங்கிக்கொண்டார். தோளில் ஒரு மஞ்சள் பை. அதிலிருந்து தீர்மானப் புத்தகத்தின் ஜெராக்ஸ் கட்டு ஒன்றை எடுத்தார். அப்புறம் பென்டிரைவ் மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டினார்.

“இது நெசமான டோங்கிள் இல்லீங்க. அதை ஆபீசுல ஒப்படைச்சாச்சு. இது எம் பையனோட பென்டிரைவு. பாக்கறதுக்கு இப்படித்தான் இருக்கும்.”

ஊராட்சிப் பணத்தை இணையத்தில் விடுவிக்க டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்து இருப்பது இந்த மாதிரி ஒரு சின்னச் சாதனத்தில். நான் முப்பது வருடம் வங்கியில் வேலை பார்த்தவள், கையெழுத்து என்றால் எனக்குக் காது தானாகத் திறக்கும். தமிழ்நாட்டில் ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். சட்டம் அந்த அதிகாரத்தைத் தலைவிக்குத்தான் கொடுக்கிறது, அவருடைய கணவருக்கு இல்லை.

“அது எங்கூட்டுக்காரரு பைக் சாவிக்கொத்துல ஒன்றரை வருசம் தொங்கீட்டு இருந்துச்சுங்க. ஊருல எல்லாரும் அவரைத்தான் பிரசிடெண்டும்பாங்க. நான் பிரசிடெண்டம்மா. கெட்ட மனுசர்னு சொல்ல மாட்டனுங்க. நான் கேக்கலை, அவரு குடுக்கலை.”

சண்டை போடவில்லையாம். ஒரு நாள் பைக்கை சர்வீஸுக்கு விட்டபோது, சாவிக்கொத்திலிருந்து அதை மட்டும் கழற்றி அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டார். கல்யாணம் ஆகி இருபத்தாறு வருடத்தில் கணவர் திறக்காத ஒரே பெட்டி அதுதான். மறுநாளிலிருந்து பணம் விடுவிக்க வேண்டுமென்றால் பில்லை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வர வேண்டியிருந்தது. வந்த பில்லையெல்லாம் அவர் உட்கார்ந்து படித்தார்.

கண் அயர்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். வெளியே நின்றவர்கள் உள்ளே வந்தார்கள். நான் கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்ததால் இதை நேரில் பார்த்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்களைப் போன்ற மகளிர் சேவை அமைப்புகளில் பல, கணவர்களின் கிளப்புகளை ஒட்டிப் பிறந்தவை. இன்னர் வீல் தொடங்கியது 1924 ஜனவரி 10ல், இங்கிலாந்தின் மான்செஸ்டரில். ரோட்டரி உறுப்பினர்களின் மனைவிகளை ஒன்று சேர்த்தவர் மார்கரெட் கோல்டிங், செவிலியாக வேலை பார்த்தவர். இந்தியாவில் முதல் கிளப் 1955ல் அகமதாபாத்தில். ரோட்டரிக்குள்ளேயே பெண்கள் உறுப்பினராக 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கும் 1987ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று தேவைப்பட்டது. எங்கள் மாநாட்டு அழைப்பிதழிலும் பாதிப் பெயர்கள் ‘திருமதி’ போட்டுக் கணவர் பெயரோடு அச்சாகியிருந்தன. சாவிக்கொத்துக் கதையைக் கேட்டபோது மடியில் இருந்த அழைப்பிதழைத் திருப்பி வைத்தவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை.

அப்புறம்தான் எங்களுக்குக் கிடைத்த முக்கியமான விஷயத்துக்கு வந்தார். கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்காக இருந்தது, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறாகிவிட்டது. நூறு நாள் வேலைப் பெண்கள் வருவார்கள், வருகைப் பதிவில் கையெழுத்துப் போடுவார்கள், நிழல் பார்த்து உட்காருவார்கள், போய்விடுவார்கள். ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அவர் கண்டுபிடித்த வழி, கிராம சபைக்கு முதல் நாள் பொழுதோட, அதாவது சாயங்காலம், மாரியம்மன் கோயில் திடலில் பெண்கள் மட்டும் கூடுவது. நாற்காலி கிடையாது, தலைவியும் தரையில்தான். அதிகாரி யாரும் இல்லை.

“என்ன வேணும்னு கேட்டா ஒருத்தியும் வாயைத் தொறக்க மாட்டாளுங்க. இல்லாட்டி பக்கத்தூருல குடுத்த கிரைண்டர் வேணும்பா. அதனால நான் அப்படிக் கேக்கறதில்லை. நேத்து எந்நேரத்துல வெசனப்பட்டீங்கன்னு கேப்பேன்.”

வெசனம் என்றால் எங்கள் பக்கத்தில் கவலை. நேற்று. எந்த நேரம். என் குறிப்பேட்டில் இந்த இரண்டு சொல்லுக்கும் அடியில் கோடு போட்டிருக்கிறேன்.

முதல் கூட்டத்தில் ஒரு பெண் சொன்னது: விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் சொசைட்டிக்குப் போகிற வழி. கேனைத் தூக்கிக்கொண்டு இருட்டில் போக வேண்டும், வழியில் குடித்துவிட்டு விழுந்து கிடப்பவர்களைத் தாண்டிப் போக வேண்டும். அவர் சொன்னதும் பதினோரு பெண்கள் எனக்கும்தான், எனக்கும்தான் என்றார்கள். அந்த ஊரில் அதுவரை ஒருவர்கூட தெருவிளக்கு வேண்டும் என்று மனு கொடுத்ததில்லை. அன்று இரவே தீர்மானத்தை எழுதிப் படித்துக் காட்டினார். மறுநாள் எழுந்து சொல்ல ஒரு பெண், அவளுக்குப் பக்கத்தில் உட்கார இன்னொரு பெண். பக்கத்தில் ஆள் இருந்தால் குரல் நடுங்காது என்றார். அந்த வழியில் மூன்று விளக்குகள் எரிந்தன. தீர்மானப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினார். அடியில் அவருடைய கையெழுத்து, எழுத்துக் கூட்டிப் போட்டது, ‘ள்’ கோட்டுக்கு வெளியே போயிருந்தது.

அவர் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்ற சட்டத்துக்குப் பிறகு ஊரக உள்ளாட்சிக்கு நடந்த முதல் தேர்தல். 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்தது. இப்போது அவருக்குப் பதவி இல்லை. ஆனால் முதல் நாள் கூட்டம் இன்னும் நடக்கிறதாம், அதற்குத் தலைவி வேண்டியதில்லையே என்றார்.

எட்டு மாதத்தில் நடந்தது

மாநாடு முடிந்து பத்து நாள் கழித்து, உறுப்பினர்களுக்கு வரிசையாகப் போன் செய்தேன். கருத்துப் படிவத்தில் ‘எப்படி இருந்தது’ என்று கேட்டது வீண் என்று எனக்கே தெரிந்துவிட்டது. போனில் கேட்டது ஒரே கேள்வி: என்ன ஞாபகம் இருக்கிறது? வினிகர் என்றார்கள் சிலர். கடுகு டப்பா என்றார்கள் நிறையப் பேர். ‘நேத்து எந்நேரத்துல’ என்று அக்காவின் குரலிலேயே சொல்லிக் காட்டினார்கள். திருப்பூர் அம்மா பேச்சில் ஒருவருக்கும் ஒன்றும் நினைவில்லை. மிக நல்ல பேச்சு என்று மட்டும் சொன்னார்கள்.

பல்லடம் பக்கம் விசைத்தறி வீதி ஒன்றில் எங்கள் கிளப் தையல் மெஷின் கொடுப்பதாக இருந்தது. பணம் ஒதுக்கியாகிவிட்டது. அந்தக் கிளப் தலைவி, மெஷினை நிறுத்திவைத்துவிட்டு ஒரு சனிக்கிழமைப் பொழுதோட நான்கு பேருடன் அங்கே போய்த் திண்ணையில் உட்கார்ந்தார். போட்டோகிராபர் இல்லை, பேனர் இல்லை. நேற்று எந்த நேரம் என்று கேட்டார்கள். வெகுநேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு பெண், தறியில் நின்றுகொண்டே வேலை செய்யும்போது துணி நனைந்துவிடுவதைச் சொன்னார். மாதவிலக்கு இல்லாத நாளிலும் ரத்தம். நான்கு மாதமாக. யாரிடமும் சொன்னதில்லை.

முந்தைய வருடம் நாங்கள் பரிசோதனை முகாம் நடத்தியது அந்த வீதியிலிருந்து நடக்கிற தூரத்துப் பள்ளியில்தான். ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். புதன்கிழமை காலை பத்து மணி, ஷிப்ட் நேரம். வந்தால் கூலி போய்விடும். அதைவிட, பள்ளி வாசலில் நாங்கள் கட்டியிருந்த பேனரில் ‘புற்றுநோய்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதற்கடியில் நுழைந்து போவதை ஊர் பார்த்தால், நாளைக்கு மகளுக்கு வரன் பார்க்கும்போது பேச்சு வரும். விழிப்புணர்வு இல்லாமல் இல்லை. எங்கள் பேனர்தான் அவர்களைத் தடுத்தது.

அடுத்த முகாம் ஞாயிற்றுக்கிழமை, தறி ஓடாத நாள். இடம் அங்கன்வாடி. வாசலில் எந்த எழுத்தும் இல்லை. மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் வாய்வழியாகச் சொன்னதோடு சரி. மாநாட்டில் காலையில் பேசிய அதே மருத்துவர் இரண்டு நர்ஸுகளோடு வந்தார். குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில்கூடப் பெண்கள் காத்திருந்தார்கள். வெள்ளை தெரிந்தவர்களை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போக ஆளுக்கு ஒரு உறுப்பினர் என்று பிரித்துக்கொண்டோம். முதலில் வாய் திறந்த பெண்ணோடு நான் போனேன். ஆரம்ப நிலை, சிகிச்சை நடக்கிறது.

எல்லா இடத்திலும் இப்படி ஆகவில்லை. இன்னொரு கிளப் ஷாமியானா போட்டு, மேடை வைத்து, கேட்கும் கூட்டம் என்று பெயர் சூட்டி நடத்தியது. பெண்கள் வரிசையில் வந்து கிரைண்டர் கேட்டுவிட்டுப் போனார்கள். பவானி பக்கம் ஒரு கிராமத்தில் எல்லாம் சரியாகச் செய்தும் எங்களிடம் பதில் இல்லாமல் போனது. நேற்று எந்த நேரம் என்று கேட்டால், அங்கே ஒவ்வொருத்தியும் சொன்னது ஒரே பதில், பொழுது சாய்ந்த பிறகு. வீட்டுக்காரர் மதுக்கடையிலிருந்து திரும்பும் நேரம். நாகம்மையும் கண்ணம்மாளும் மறியல் செய்து நூறு வருடம் கடந்துவிட்டது. சேவைத் திட்டப் பணத்தில் நாங்கள் அதற்கு என்ன செய்ய முடியும்? கடையை இடம் மாற்றக் கோரும் தீர்மானத்தை எழுதத் துணையாக இருந்தோம். கிராம சபையில் இரண்டு பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சொன்னார்கள். கடை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அந்தக் கிளப் உறுப்பினர்கள் மாதம் ஒரு முறை அங்கே போய்வருகிறார்கள்.

அடுத்த மாநாட்டுக்குப் பேச்சாளர்களை அழைக்கத் தொடங்கிவிட்டோம். தலைப்பு கொடுப்பதில்லை. தெரியாத ஒன்றை எப்படித் தெரிந்துகொண்டீர்கள், அதைச் சொல்லுங்கள், அதற்கு உதவிய பொருள் ஏதாவது இருந்தால் கையோடு எடுத்து வாருங்கள் என்று மட்டும் கேட்கிறோம். திருப்பூர் அம்மா மறுபடி வர ஒத்துக்கொண்டிருக்கிறார், வட்டக் கட்டரோடு. அழைப்பிதழில் எல்லாப் பெயரும் அவரவர் பெயராக அச்சாகும்.

அந்தியூர் அக்காவுக்குப் போன வாரம் போன் செய்தேன். இந்தத் தடவை உங்களுக்குத்தான் முதல் நேரம், காலை பத்து மணி என்றேன்.

“பத்து மணிக்கு ஆவாதுங்க. மாடு ரெண்டும் கறவையில நிக்குது. பாலை ஊத்தீட்டு, பஸ் புடிச்சு வந்து சேரப் பதினொன்னு ஆயிருங்க.”

அவருடைய நேரத்தைப் பதினொன்றரைக்கு மாற்றி வைத்திருக்கிறேன்.